ஆற்றோரக் கூடாரமும் மலைமேல் பெய்யும் மழையும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் அடிக்கடி வரும் சொல் ‘கேம்பிங்’. கைப்பேசியில் அவர்கள் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எடுத்தவை. உயரமான பைன் மரங்கள், உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல் பரவிய தரை, நடுவில் ஒரு சின்னக் கூடாரம். அங்கே அது கோடைக்காலப் பழக்கம். நமக்கோ கோடை என்று தனிப் பருவம் இல்லை. நம்மிடம் இருப்பது ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மழைக்காடு. பெயரிலேயே மழை இருக்கிறது. அந்தக் காட்டில் ஓர் இரவு தங்கப் போகிறவர்கள், குளிர்நாட்டுப் படங்களில் இல்லாத ஒரு பாடத்தைப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தப் பாடம் ஒரே கேள்வியில் அடங்கும்: கூடார முளையை எங்கே அடிக்கப் போகிறீர்கள்?

பாலிங் வட்டாரத்தில் இருக்கும் உங்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. குப்பாங் பக்கம் புக்கிட் ஹிஜாவ் பொழுதுபோக்குக் காடு இருக்கிறது. லாத்தா பாயு இருக்கிறது. ‘லாத்தா’ என்றால் மலாய்மொழியில் அருவி. நம் நாட்டில் முகாம் போடும் இடங்கள் பலவும் இப்படி அருவியையோ மலையாற்றையோ ஒட்டித்தான் இருக்கின்றன. குளிக்க வேண்டும், சமைக்கத் தண்ணீர் வேண்டும், இரவில் நீரோசை கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும். எனவே போய் இறங்கியதும் கண் தேடுவது தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும் சமதரையைத்தான். கல் இல்லாத, மணல் பரவிய, முளை எளிதில் இறங்கும் இடம். பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இருக்காது.

அந்த மணலை அங்கே கொண்டுவந்து பரப்பியது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கொண்டுவந்தது ஆறு. பெருகி வந்த நாளில், நீங்கள் கூடாரம் போட நினைக்கும் அதே உயரத்துக்கு ஏறி வந்து போட்டுவிட்டுப் போன மணல் அது.

இங்கே நீல வானம், அங்கே கருமேகம்

மலையாற்றில் நடக்கும் விபத்துகளில் தப்பி வந்தவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: “நாங்கள் இருந்த இடத்தில் மழையே இல்லை.” அது உண்மையாகத்தான் இருக்கும்.

காலையில் வெயில் ஏறும்போது தரை சூடாகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று சூடேறி மேலே எழுகிறது. எதிரே மலை நின்றால், மோதும் காற்றுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளியாகி மேகமாகிறது. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் மலையுச்சியில் இடிமேகம் கட்டிவிடும். இத்தகைய மேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கலாம். அதனால் உச்சியில் கொட்டும் மழை அடிவாரத்தில் ஒரு துளிகூட விழாமல் போகலாம். காடு அடர்ந்திருந்தால் மேலே மேகம் கட்டியிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேல் மரக்கிளைகளுக்கு நடுவே தெரியும் ஒரு கையளவு நீலத்தை வைத்து ‘வானம் தெளிவு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். மரம் நனைந்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. எனவே மலை எந்தப் பக்கம் கறுக்கிறது என்று பார்த்தே அவர்கள் பொழுது விடிந்தது. நாம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

ஒரு சின்னக் கணக்கு

மழையை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று பொருள். இனி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சிறிய மலையாற்றுக்கு 10 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து தண்ணீர் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய பரப்பு அல்ல. அதில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் 50 கோடி லிட்டர். ஒலிம்பிக் நீச்சல்குளம் ஒன்றில் சுமார் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும். அப்படியானால் 200 நீச்சல்குளங்கள் மலைமேல் கவிழ்க்கப்பட்டிருக்கின்றன.

நல்ல காடு இதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். இலைகள் கொஞ்சம் பிடித்து வைக்கும். உதிர்ந்த சருகும் வேர்கள் தளர்த்திய மண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சும். ஆனால் பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. முந்தைய நாள்களில் பெய்த மழையில் மண் ஏற்கெனவே ஊறியிருந்தால், புதிதாக விழும் தண்ணீர் உள்ளே இறங்க இடமின்றி மேலோடு வழிந்து ஓடும். செங்குத்தான சரிவில் அது ஓடையைச் சேர அதிக நேரம் ஆகாது.

ஆற்றில் அந்த நீர் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொண்டால், 3 கிலோமீட்டர் தூரத்தை 17 நிமிடத்துக்குள் கடந்துவிடும். மேலே பெருக்கெடுத்த நீர் கீழே குளிக்கும் பிள்ளைகளை எட்ட, ஒரு பானை சோறு வேகும் நேரம்கூட வேண்டாம்.

தண்ணீருக்கு ஏன் தலை?

இப்படி வரும் நீரை மலாய்க்காரர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். மிகப் பொருத்தமான பெயர். சமவெளி ஆற்றில் வெள்ளம் படிப்படியாக ஏறும். மலையாற்றில் அது ஒரு முகப்போடு, சுவர்போல் வந்து சேரலாம்.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, ஆழமான நீர் ஆழமற்ற நீரைவிட வேகமாக ஓடும். பின்னால் வரும் பெருநீர் முன்னால் போகும் சிறுநீரோட்டத்தை எட்டிப் பிடித்து அதன்மேல் ஏறுகிறது. வரவர வெள்ளத்தின் முன்பக்கம் செங்குத்தாகிறது. இரண்டாவது, அணை. சரிந்த மண்ணும் முறிந்த மரங்களும் குறுகலான இடத்தில் சிக்கி ஆற்றை அடைத்துக்கொள்ளும். பின்னால் நீர் தேங்கும். அந்த அடைப்பு உடையும்போது தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். அப்போது வருவது வெறும் தண்ணீர் அல்ல. மண், பாறை, மரம் எல்லாம் கலந்த கூழ். அதை ‘இடிபாட்டு ஓட்டம்’ என்று சொல்லலாம்.

தண்ணீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. முழங்கால் அளவு நீரில் நிற்கும் ஒரு பெரியவரை, விநாடிக்கு 1 மீட்டர் வேக ஓட்டம் ஏறத்தாழ 7 அல்லது 8 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். சமாளித்து நின்றுவிடலாம். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகி, அறுபது எழுபது கிலோவை எட்டும். ஓர் ஆளின் முழு எடையே கால்களில் வந்து இடித்தாற்போல் இருக்கும். வழுக்கும் பாறைமேல் அதற்கு எதிரே நிற்க யாராலும் முடியாது. நீச்சல் தெரிந்திருப்பதும் அங்கே உதவாது.

கண்முன் நடந்தவை

2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பிற்பகல் பாலிங் மாவட்டம், குப்பாங்கில் நடந்ததை இவ்வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குனோங் இனாஸ் மலையில் பெய்த பெருமழையால் சரிவுகள் இடிந்தன. சேறும் பாறையும் பெரிய மரத்துண்டுகளும் ஆற்றோடு இறங்கிக் கம்போங் ஈபோயையும் அக்கம்பக்கக் கம்பங்களையும் தாக்கின. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. மூவர் மாண்டனர். மலைமேல் காடு அழிக்கப்பட்டதும் இதற்குக் காரணமா என்ற விவாதம் அப்போது நாடு முழுவதும் எழுந்தது.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2021 ஆகஸ்ட் 18 அன்று, இதே கெடாவில் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய நீர் யான் வட்டாரத்தைச் சிதைத்தது. அங்கே ஆறு பேர் உயிரிழந்தனர். குடும்பங்கள் குளிக்கப் போகும் தித்தி ஹாயுன் பொழுதுபோக்கிடம் உருத்தெரியாமல் போனது. இன்னும் பின்னால் போனால் 1996 ஆகஸ்ட் 29. பேராக், கம்பாருக்கு அருகில் போஸ் டிப்பாங் பூர்வக்குடிக் கிராமத்தில் மரமும் சேறும் கலந்து வந்த வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டுபோனது.

இந்த மூன்று தேதிகளையும் இன்னொரு முறை பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட், ஆகஸ்ட். மூன்றும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். தீபகற்பத்தின் பெரும்பகுதிக்கு அது மழை குறைந்த காலம் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. மாதக் கணக்கில் அது சரி. ஆனால் ஒரு பிற்பகல் இடிமழை மாதச் சராசரியைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. ‘இது மழைக்காலம் இல்லையே’ என்று சொல்லி ஆற்றோரம் முளை அடிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆற்றை விட்டு விலகினால் போதுமா?

போதாது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, சிலாங்கூர், பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த நேரம். சிக்கிய 92 பேரில் 31 பேர் இறந்தனர். குழந்தைகளும் அதில் உண்டு. சரிந்து வந்த மண் சுமார் 450,000 கன மீட்டர்.

பாலிங்குக்குக் கிழக்கேயும் தெற்கேயும் உள்ள மலைகளிலும் பத்தாங் காலி மலையிலும் அடியில் இருப்பது பெரும்பாலும் கருங்கல். நம் வெப்பத்திலும் மழையிலும் அந்தக் கருங்கல் நீண்ட காலமாக மக்கிப் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகியிருக்கிறது. காய்ந்த நிலையில் அந்த மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நாள் கணக்கில் மழை பெய்து துகள்களுக்கிடையே நீர் நிறைந்துவிட்டால், அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்குகிறது. பிடிப்பு தளர்கிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் சரிவு தன்னைத் தானே தாங்க முடியாமல் இறங்கிவிடுகிறது.

கவனியுங்கள், ஊறும் நீர் ஆழத்துக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதனால் மழை விட்ட பிறகும் சரிவு இடியலாம். அன்றிரவு மழை இல்லையே என்பது இங்கும் உத்தரவாதம் ஆகாது. போகும் நாளின் மழையைப் பார்ப்பது போதாது. அதற்கு முந்தைய சில வாரங்களாக அங்கே எவ்வளவு பெய்தது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இடத்தை எப்படிப் படிப்பது?

நிலம் தன் பழைய கதையை எழுதி வைத்திருக்கிறது. கூடாரத்தைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் கால்மணி நேரம் நடந்து அதைப் படியுங்கள்.

முதலில் ஆற்றோரப் புதர்களையும் மரங்களையும் பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல், பிளாஸ்டிக் பை, சுள்ளி சிக்கியிருந்தால், முன்பு வெள்ளம் எட்டிய உயரம் அது. அந்தக் கோட்டுக்குக் கீழே படுக்கக் கூடாது. அடுத்த வெள்ளம் அதைவிட உயரமாகவும் வரலாம் என்பதால், கோட்டுக்கு மேலே எவ்வளவு உயரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறோம் என்பதைவிட, எத்தனை மீட்டர் மேலே இருக்கிறோம் என்பதே முக்கியம்.

அடுத்து, பாறைகள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய விதி. அமைதியாகச் சலசலக்கும் ஓடையின் கரையில் கார் அளவு உருண்டைப் பாறைகள் கிடந்தால், அவற்றை இன்றைய ஓடை கொண்டுவரவில்லை. ஒருநாள் இங்கே வேறோர் ஆறு ஓடியிருக்கிறது. மீண்டும் ஓடும்.

பிறகு சரிவுப் பக்கம் திரும்புங்கள். தரையில் புதிய வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், முன்பு இல்லாத இடத்தில் கசியும் ஊற்று, வெட்டிய மண்சுவர் இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் அதன் அடிவாரத்தில் தங்க வேண்டாம். சாலைக்காக வெட்டியோ நிரப்பியோ அமைத்த சரிவின் கீழும் வேண்டாம். கடைசியாக அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளையோ பட்டுப்போன மரமோ தலைக்கு மேல் இருந்தால் இடம் மாறுங்கள். காற்று வீசும்போது முதலில் விழுவது அதுதான்.

எங்கே வெள்ளம் ஏறும் என்பது அந்தக் கம்பத்து முதியவர்களுக்கு அத்துப்படி. “பாக் சிக், தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தளத்துக்கு அனுமதி இருக்கிறதா என்றும் நடத்துபவரிடம் கேளுங்கள். வனத்துறைக்கு உட்பட்ட காடாக இருந்தால், நுழைவதற்கு முன் அத்துறையிடம் விசாரியுங்கள்.

நீர் சொல்லும் எச்சரிக்கை

குளித்துக்கொண்டிருக்கும்போது தெளிந்த நீர் திடீரென்று தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், மேலிருந்து இரைச்சல் கூடினால், உடனே கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். நீர்மட்டம் காரணமின்றிச் சட்டென்று குறைந்தாலும் ஓட வேண்டும். ‘தண்ணீர் வற்றிவிட்டது, அக்கரைக்குப் போகலாம்’ என்று தோன்றும் நேரம் அதுதான். மேலே ஏதோ ஆற்றை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

வந்து இறங்கியதும் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு, உங்களுக்கு அது காவல்.

காதையும் பயன்படுத்துங்கள். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் மின்னியது என்று தெரியும். இடியோசை மலைப்பக்கமிருந்து வந்தால் ஆற்றைவிட்டு ஏற வேண்டிய நேரம். மின்னலிலிருந்து கூடாரத் துணி யாரையும் காக்காது. மூடிய காருக்குள் இருப்பது பாதுகாப்பு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வராதீர்கள்.

புறப்படும் நாளில் வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் அறிவிப்பைப் பாருங்கள். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கப்படும்போது அது இடிமழை எச்சரிக்கை விடுக்கிறது. சில மணி நேரத்துக்கு மட்டுமே பொருந்தும் எச்சரிக்கை அது. எனவே காலையில் பார்த்தது மாலைக்கு ஆகாது. காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது என்பதால், நுழைவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

இரவில் இவை எதுவும் உதவாது

மேலே சொன்ன அடையாளங்களில் ஒரு குறை இருக்கிறது. அவை எல்லாம் விழித்திருப்பவருக்குத்தான். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீரின் நிறம் தெரியாது, குச்சி தெரியாது. அருவிச் சத்தத்தோடு சத்தமாக வெள்ளத்தின் இரைச்சலும் கலந்துவிடும். கூடாரத்தின் சங்கிலிப்பல் வாயைத் தடவித் திறக்கவே அரை நிமிடம் ஆகும். பிள்ளைகளை எழுப்ப இன்னும் நேரம் ஆகும்.

எனவே பகலில் ஆற்றோரம், இரவில் மேடு. இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும். குளிப்பதும் சமைப்பதும் விளையாடுவதும் தண்ணீரருகே இருக்கட்டும். படுக்கை மட்டும் மேலே, ஆற்றுக்கும் சரிவுக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். இருட்டுவதற்கு முன்பே, மேட்டுக்குப் போகும் வழியைக் குடும்பமாக ஒருமுறை நடந்து பாருங்கள். அந்த வழி ஆற்றைக் கடக்காததாக இருக்க வேண்டும். காரை வெளியே போகும் திசை நோக்கி நிறுத்துங்கள். கைவிளக்கும் காலணியும் தலைமாட்டில் இருக்கட்டும்.

தண்ணீர் வந்துவிட்டால் ஆற்றின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது. அதன் வேகத்தை வெல்ல முடியாது. பக்கவாட்டில், மேட்டை நோக்கி ஏற வேண்டும். அடுப்பு, பாய், பை எதையும் எடுக்கத் திரும்ப வேண்டாம். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் உயரத்தில் காத்திருங்கள். 999ஐ அழைத்தால் தீயணைப்பு மீட்புப் படையினர் வருவார்கள். மலையாற்றுப் பெருக்கு ஏறியதுபோலவே பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

காட்டுக்குப் போகவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அறைக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் வளரும் பிள்ளைகளுக்கு ஓர் இரவு காட்டு வானமும் பூச்சிகளின் பாட்டும் கிடைப்பது நல்லதே. போகும்போது கூடாரத்தோடு ஒரு பழக்கத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்த மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.